“யார் பெரியவர்?” – யேலாங் பழமொழியும் தெற்கே இருந்த அரசுகளும்

கேள்வி (மே 11, மாலை 6.05)
பழைய சீனத்தின் தெற்கில் இருந்தவர்கள் எல்லாம் சின்னச் சின்ன மலைக்குடிகள்தான். வெளியுலகம் தெரியாத கிணற்றுத் தவளைகள். சீனர்களிடமே இதற்குப் பழமொழி இருக்கிறது: “யேலாங் தன்னைப் பெரிதென்று நினைத்தது போல.” ஹான் பேரரசின் தூதரிடம் “உங்கள் நாடு பெரிதா, என் நாடு பெரிதா” என்று யேலாங் நாட்டு அரசன் கேட்டானாம். இவர்களைப் போய் நீங்கள் சீனத்தின் “போட்டி அரசுகள்” என்று எழுதுவது மிகை இல்லையா?

மே 11, இரவு 11.20
மிகை இல்லை. அந்தப் பழமொழியிலிருந்தே ஆரம்பிக்கலாம். அந்தக் கேள்வியை முதலில் கேட்டது யேலாங் அரசன் இல்லை, தியென் அரசன். இன்றைய யுன்னானில், குன்மிங் பக்கத்து ஏரிக்கரையில் இருந்த நாடு அது. ஹான் காலத்து வரலாற்றாசிரியர் ஸிமா சியென் தன் வரலாற்றில் நேராகவே எழுதியிருக்கிறார்: தியென் அரசன் ஹான் தூதர்களிடம் “ஹான் பெரிதா, நாங்கள் பெரிதா” என்று கேட்டான், யேலாங் தலைவனும் அப்படியே கேட்டான். இரண்டாவதாகக் கேட்டவனின் தலையில் பழமொழி விழுந்துவிட்டது.

தூதர்கள் எதற்காக அங்கே போனார்கள் என்பதைப் பழமொழி சொல்வதில்லை. சாங் சியென் என்ற தூதர் மேற்கே பாக்திரியா வரை போனபோது, அங்கே சந்தையில் சிச்சுவான் துணியும் மூங்கில் தடியும் இருப்பதைப் பார்த்தார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு “ஷென்துவில்” என்றார்கள். ஷென்து என்றால் சிந்து, அதாவது இந்தியா. அப்படியானால் தென்மேற்கு மலைகள் வழியாக இந்தியாவுக்கு ஒரு பாதை இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, கி.மு. 122 வாக்கில் ஹான் பேரரசர் வூ ஆட்களை அனுப்பினார். தியென் அரசன் அவர்களைத் தங்கவைத்தான். மேற்கே வழி தேட அவனே பத்துக்கும் மேற்பட்ட குழுக்களை அனுப்பினான். ஒரு வருடத்துக்கு மேல் முயன்றும் வழி கிடைக்கவில்லை. இடையில், மேற்கே இருந்த குன்மிங் என்ற குடிகள் (இன்றைய குன்மிங் நகரம் இல்லை) மறித்துவிட்டார்கள்.

வழி தெரியாமல் வந்து, தன் வீட்டில் ஒரு வருடம் சாப்பிட்ட விருந்தாளியிடம் “உங்கள் ஊர் எவ்வளவு பெரிசு?” என்று கேட்டிருக்கிறான். அதில் என்ன திமிர்?

மே 12, காலை 8.10
இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் திருப்பூர்க்காரன். துணி வாங்க வருடத்தில் மூன்று நான்கு முறை கேச்சியாவ் போகிறேன். ஷாவ்சிங் நகரத்தைச் சேர்ந்த பெரிய துணிச் சந்தை அது. நம் ஊர் ஆட்களை அங்கே தெருவுக்குத் தெரு பார்க்கலாம். எனக்கு மொழிபெயர்க்கும் பெண் குய்சோ மாகாணத்துக்காரர். யேலாங் இருந்ததே அந்தப் பக்கம்தான். பள்ளியில் கொஞ்சம் நன்றாகப் படித்தால்கூட “யேலாங் வந்துட்டா” என்பார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இருபது வருடம் கழித்தும் அதை மறக்கவில்லை.

மே 12, இரவு 10.45
“போட்டி அரசு” என்பதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். ஷாவ்சிங் நகரமே ஆதாரம். அது யுவே நாட்டின் தலைநகரம். அன்றைய பெயர் க்வாய்ஜி. வடக்கே, இன்றைய சூசோவில் வூ நாடு. மேற்கே யாங்சி நடுப்பகுதியில் சூ நாடு. மூன்றுமே மஞ்சள் ஆற்றங்கரை ஆட்களின் கண்ணில் அரைகுறை நாகரிகம் உள்ளவை. ஆனால் கி.மு. 704-லேயே சூ நாட்டுத் தலைவன், அன்று எல்லா நாடுகளுக்கும் மேலாக இருந்த ஜோ மன்னரின் அனுமதி இல்லாமல், தன்னை அரசன் என்று அறிவித்துக்கொண்டான். அவனுடைய முன்னோர்களில் ஒருவன் “நாங்கள் மான்-யீ மக்கள், நடு நாடுகளின் பட்டங்கள் எங்களுக்கு எதற்கு” என்றே சொன்னதாகக் குறிப்பு உண்டு. “மான்” என்றால் தெற்கத்திய காட்டுமிராண்டி என்று பொருள், வசைச் சொல். அதை எடுத்துத் தன் மார்பில் குத்திக்கொண்டான் அவன்.

வூ-யுவே சண்டை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கி.மு. 496-ல் வூ அரசன் ஹேலூ யுவேயைத் தாக்கி, காயம்பட்டு இறந்தான். அவன் மகன் ஃபூச்சாய் இரண்டு வருடத்தில் திருப்பி அடித்தான். யுவே அரசன் கோஜியென் மிஞ்சிய 5,000 பேருடன் க்வாய்ஜி மலையில் முற்றுகையில் சிக்கினான். சரணடைந்தான். அதன் பிறகு விறகுக் கட்டைமேல் படுத்து, பித்தப்பையைத் தொங்கவிட்டு, தினமும் அதன் கசப்பை நக்கி, தோல்வியை மறக்காமல் இருந்தான். கி.மு. 473-ல் வூ நாட்டை முழுவதுமாக விழுங்கினான்.

வூ அரசனுக்குக் கிழக்கே ஒரு ஓரத்தில் நூறு வீடுகள் தருகிறேன், இருந்துகொள் என்றார்கள். வயதாகிவிட்டது, இனி யாருக்கும் சேவகம் செய்ய முடியாது என்று சொல்லி, முகத்தை மூடிக்கொண்டு தற்கொலை செய்துகொண்டான். யுவேயை நம்பாதே என்று எச்சரித்த அமைச்சர் வூ ட்சிஷூவைச் சாகச் சொன்னவன் அவன்தான். மேலுலகத்தில் அவர் முகத்தில் விழிக்க முடியாது என்பதற்காக முகத்தை மூடினான்.

மே 13, காலை 7.30
நேற்று எழுதியதில் ஒரு தவறு. ஸிமா சியெனில் பித்தப்பை மட்டும்தான் இருக்கிறது. விறகுக் கட்டை இல்லை. “விறகில் படுத்து, பித்தம் சுவைத்து” என்ற சேர்க்கை சொங் காலத்துக் கவிஞர் சூ ஷியின் எழுத்தில்தான் முதலில் வருகிறது, அதுவும் கோஜியெனைப் பற்றி இல்லை. அதாவது 1,500 வருடம் கழித்து. இரண்டும் பழையவை என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தேன். ஷாவ்சிங் மலைப்பூங்காவில் கோஜியென் மண்டபச் சுவர் ஓவியத்தைப் பார்த்து நின்றபோதும் சந்தேகம் வரவில்லை.

மே 13, பகல் 1.15
சீ ஷி என்ற அழகியை அனுப்பி வூ அரசனைக் கவிழ்த்த கதையும் அப்படித்தானா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். ஆமாம். அழகி என்று அவள் பெயர் பழைய நூல்களில் இருக்கிறது. ஆனால் அவளை ஒற்றராக அனுப்பியதெல்லாம் பிற்கால ஹான் நூல்களில் வரும் கதை.

மே 13, இரவு 11.50
பூங்கா பற்றிச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். அதே மலையில் வென் சோங்கின் சமாதி இருக்கிறது. கோஜியெனின் வெற்றிக்குத் திட்டம் போட்ட இரண்டு அமைச்சர்களில் ஒருவர். இன்னொருவர் ஃபான் லி. வெற்றி கிடைத்ததும் ஃபான் லி கிளம்பிப் போய்விட்டார். நண்பருக்குக் கடிதம் எழுதினார்: பறவைகள் தீர்ந்தால் நல்ல வில்லைப் பரணில் போட்டுவிடுவார்கள், முயல் செத்தால் வேட்டை நாயைச் சமைத்துவிடுவார்கள், இந்த அரசன் கஷ்டத்தில் கூட இருக்கத் தகுந்தவன், சுகத்தில் இல்லை.

வென் சோங் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று அரண்மனைக்கு வராமல் இருந்தார். அரசன் ஒரு வாளை அனுப்பினான்; அதனால் உயிரை விடு என்று பொருள். “வூவை வெல்ல ஏழு உபாயம் சொல்லிக்கொடுத்தீர். மூன்றிலேயே வென்றுவிட்டேன். மீதி நான்கு உம்மிடம் இருக்கின்றன. போய் என் இறந்த தந்தைக்காகச் செய்து பாரும்.”

ஃபான் லி பெயர் மாற்றிக்கொண்டு வியாபாரியாகி, பெரும் பணக்காரர் ஆனார். இன்றும் வணிகர்கள் அவரைக் குலதெய்வம் மாதிரி வைத்திருக்கிறார்கள். நான் கடையில் விலை பேசும்போது எதிரில் நிற்கும் சிலைகளில் அவரும் இருப்பார். முதல் சில வருடங்கள் ஏதோ ஒரு செல்வக் கடவுள் என்றே நினைத்திருந்தேன். தப்பிப் பிழைத்த ஓர் அமைச்சர் என்று தெரிந்த பிறகு அந்தச் சிலையைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

மே 14, இரவு 9.40
“இதெல்லாம் சீன அரசர்களின் கதை. இதில் பழங்குடி எங்கே?” நல்ல கேள்வி. இரண்டு நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கோஜியெனின் வாள் கிடைத்திருக்கிறது. 1965 டிசம்பரில் ஹூபெய் மாகாணத்தில், சூ நாட்டுக் கல்லறை ஒன்றில். 2,400 வருடம் கழித்தும் துருவில்லை. சுமார் 56 செ.மீ. நீளம். வூஹான் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரிசையில் நின்று பார்த்தேன். எட்டு எழுத்துகள், பறவை உருவம் கலந்த தெற்கத்திய அலங்கார எழுத்து: யுவே அரசன் இன்னார் தானே செய்வித்துப் பயன்படுத்தும் வாள். அதில் அரசன் பெயர் “கோஜியென்” என்று இல்லை! “ஜியூச்சியென்” என்று வாசிக்கும் வேறு எழுத்துகள். வரலாற்றாசிரியர்கள் ஒரு விதமாகவும் அவனுடைய கொல்லர்கள் ஒரு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். ஏனென்றால் இரண்டுமே ஒலிபெயர்ப்பு. அடியில் இருப்பது சீனம் அல்லாத ஒரு பெயர்.

அவன் மக்கள் முடியைக் கத்தரித்து, உடம்பில் பச்சை குத்திக்கொள்பவர்கள் என்று எல்லா வடக்கத்திய நூலும் திரும்பத் திரும்பச் சொல்கிறது. சுவாங்சி என்ற பழைய சீனச் சிந்தனையாளரின் நூலில் எனக்குப் பிடித்த இரண்டு வரி: வடக்கே இருந்த சொங் நாட்டுக்காரன் ஒருவன் சடங்குத் தொப்பிகளை ஏற்றிக்கொண்டு யுவே நாட்டுக்கு வியாபாரத்துக்குப் போனான், அங்கே எல்லோரும் முடி வெட்டி, பச்சை குத்தியிருந்தார்கள், தொப்பி யாருக்கும் தேவைப்படவில்லை. சந்தை தெரியாமல் சரக்கு ஏற்றியவன் யார் என்பதில் சுவாங்சிக்குச் சந்தேகமே இல்லை. யேலாங் கதைக்கு இதுதான் மறுபக்கம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. தெற்கத்திய அரசன் ஜெயித்தவுடனே அவனுக்கு ஒரு வடக்கத்திய மூதாதை கிடைத்துவிடுகிறார். வூ அரச குலம் ஜோ இளவரசர் தைபோவின் வழி. தெற்கே ஓடிவந்து அவரும் முடி வெட்டி, பச்சை குத்திக்கொண்டாராம். யுவே அரச குலம் வெள்ளத்தை அடக்கிய மாமன்னர் யூவின் வழி. ஷாவ்சிங்கில் யூவுக்குப் பெரிய நினைவிடமே இருக்கிறது.

மே 15, காலை 6.55
“யுவே மக்கள்” என்று நேற்று ஒரே மூச்சில் எழுதியதைத் திருத்த வேண்டும். அவர்கள் ஒரே இனம் இல்லை. “பாய்யுவே”, நூறு யுவேக்கள் என்பதுதான் பழைய சொல். ஒரு பழைய உரைகாரர், ஜியாவ்ஜி முதல் க்வாய்ஜி வரை ஏழெட்டாயிரம் லீ (பழைய சீனத் தூர அளவு) தூரம் யுவேக்கள் கலந்து வாழ்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனிக் குலப்பெயர்கள் என்கிறார். இன்றைய வட வியட்நாமிலிருந்து ஷாங்ஹாய்க்குப் பக்கம் வரை. அவ்வளவு நிலத்துக்கும் வடக்கிலிருந்து பார்த்தவன் வைத்த ஒரே பெயர்.

எழுத்தையும் பாருங்கள். “மான்” என்ற எழுத்திலும், ஃபூஜியென் மக்களைக் குறித்த “மின்” என்ற எழுத்திலும் புழு-பூச்சி உறுப்பு இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டுச் சீன அகராதி இரண்டையும் “பாம்புக் குலம்” என்று விளக்குகிறது. இன்று கேச்சியாவ் கிடங்கு வாசலில் நிற்கும் ஃபூஜியென் லாரிகளின் நம்பர் பிளேட்டில் முதல் எழுத்து அதே “மின்”தான். குவாங்தொங் லாரிகளில் “யுவே”. பழைய பெயர்கள் இன்னும் ரோட்டில் ஓடுகின்றன.

மே 16, இரவு 10.30
யார் பெரியவர் என்ற கேள்விக்கு வருகிறேன். அதைக் கேட்ட தெற்கத்திய அரசர்கள் இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். மூன்றாமவர்தான் காலத்தால் முதல்.

ஹானுக்கு முன் சீனாவை ஆண்ட சின் பேரரசு ஐந்து படைகளைத் தெற்கே அனுப்பியது. ஐந்து லட்சம் பேர் என்று ஒரு பழைய நூல் சொல்கிறது. அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். யுவேக்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். தங்கள் தலைவன் கொல்லப்பட்ட பிறகும் சின்னுக்கு அடிமையாக ஒருவரும் முன்வரவில்லை. இரவில் தாக்கி, தளபதி தூ சுயியைக் கொன்றார்கள். உணவு கொண்டுபோக லிங்ச்சூ கால்வாயை வெட்டினார்கள்; யாங்சி ஆற்று அமைப்பையும் முத்து ஆற்று அமைப்பையும் இணைக்கும் கால்வாய் அது, இன்றும் இருக்கிறது. கி.மு. 214-ல் மூன்று மாவட்டங்கள் அமைந்தன.

சின் சரிந்தபோது அங்கே அதிகாரியாக இருந்த சாவ் தோ மலைக்கணவாய்களை அடைத்துவிட்டு, நான்யுவே என்ற நாட்டை அமைத்துக்கொண்டார். தலைநகர் பான்யூ, இன்றைய குவாங்சோ. அவர் யுவே ஆள் இல்லை. ஹெபெய்க்காரர், பச்சை வடக்கத்தியர். கி.மு. 196-ல் ஹான் தூதர் லூ ஜியா வந்தபோது யுவே பாணியில் கொண்டை போட்டு, காலை அகற்றி உட்கார்ந்து வரவேற்றார். பேச்சின் நடுவே கேட்டார்: “நான் பெரியவனா, உங்கள் பேரரசர் பெரியவரா?” உமது நாடு ஹானின் ஒரு மாவட்டத்துக்குச் சமம் என்றார் லூ ஜியா. சாவ் தோ சிரித்தார். “நான் அங்கே எழும்பவில்லை, அதனால் இங்கே அரசன். அங்கே இருந்திருந்தால் ஹானுக்கு எதில் குறைந்திருப்பேன்?”

அதே கேள்விதான். ஆனால் கேட்டவர் வடக்கத்தியர் என்பதால் சாமர்த்தியம் ஆகிவிட்டது. யேலாங் தலைவன் கேட்டபோது பழமொழி.

ஹான் பேரரசி லுயி நான்யுவேக்கு இரும்புச் சாமான் விற்பதைத் தடைசெய்தபோது சாவ் தோ தன்னைப் பேரரசர் என்று அறிவித்துக்கொண்டு எல்லையைத் தாக்கினார். தெற்கே அனுப்பிய ஹான் படை வெயிலிலும் ஈரத்திலும் நோய் கண்டு மலையைத் தாண்டவே இல்லை. பிறகு ஹான் பேரரசர் வென் கடிதம் எழுதினார், அதே லூ ஜியா கொண்டுபோனார். சாவ் தோவின் பதிலில் ஒரு வரி: “கிழவன் யுவேயில் 49 வருடம் கழித்துவிட்டேன், இப்போது பேரனைத் தூக்கி வைத்திருக்கிறேன்.” கூட அனுப்பிய காணிக்கையில் காண்டாமிருகக் கொம்பு 10, மயில் இரண்டு ஜோடி, உயிருள்ள மீன்கொத்தி 40 ஜோடி, இலவங்க மரத்துப் புழு ஒரு பாத்திரம். புழு சாப்பிடுவதற்கு. பேரரசர் பட்டத்தை விட்டுவிட்டேன் என்று எழுதினார், ஊருக்குள் அப்படியே வைத்துக்கொண்டார்.

இது வெறும் கதை இல்லை என்பதற்கு அவர் பேரனின் கல்லறையே சாட்சி. 1983-ல் குவாங்சோவில் குன்றைத் தோண்டும்போது வெளிப்பட்டது. உள்ளே “பேரரசர் வென்னின் முத்திரை” என்று பொறித்த தங்க முத்திரை; இந்த “வென்” ஹான் பேரரசர் இல்லை, அந்தப் பேரன்தான். பட்டு நூலால் கோத்த 2,291 பச்சைக்கல் துண்டுகளாலான உடை. ஆப்பிரிக்க யானைத் தந்தம். பாரசீக பாணி வெள்ளிப் பெட்டி.

மே 16, இரவு 11.15
அந்தக் கல்லறையில் கூடவே புதைக்கப்பட்ட 15 பேரும் இருந்தார்கள். மனைவியர், சமையல் ஆட்கள், காவலாளி, இசைக்காரர். தந்தத்தையும் பெட்டியையும் எழுதிவிட்டு இதை விட்டது சரியில்லை என்று தோன்றியது.

மே 18, காலை 7.20
யேலாங்குக்கு உண்மையில் என்ன ஆனது? ஒரு தொக்கினால் ஆரம்பித்தது.

கி.மு. 135-ல் தாங் மெங் என்ற ஹான் அதிகாரி பான்யூவுக்குப் போனார். விருந்தில் “ஜூ” என்ற தொக்கு வைத்தார்கள். அது வெற்றிலைக் கொடியின் காயில் செய்தது என்று பலர் சொல்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். வடமேற்கே, சாங்கே ஆற்றின் வழியாக என்றார்கள். தலைநகர் திரும்பியதும் சிச்சுவான் வியாபாரிகளை விசாரித்தார். அந்தத் தொக்கு எங்கள் ஊரில் மட்டும்தான், ரகசியமாக யேலாங்கில் கொண்டுபோய் விற்பார்கள், யேலாங் அந்த ஆற்றங்கரையில் இருக்கிறது என்றார்கள். தாங் மெங்குக்குப் புரிந்துவிட்டது: அந்த ஆற்றில் படகு விட்டால் நான்யுவேயின் முதுகில் போய் இறங்கலாம்.

பட்டும் துணியும் ஏற்றிக்கொண்டு யேலாங் போனார். சுற்றுவட்டாரச் சிற்றூர்கள் சம்மதித்தன. பட்டு வருகிறது, பாதையோ மோசம், ஹானால் எப்படியும் நம்மைப் பிடித்துவைக்க முடியாது என்று கணக்குப் போட்டார்கள். வியாபாரியாகச் சொல்கிறேன், அது முட்டாள் கணக்கு இல்லை. சரக்கின் வழியை எதிராளி கண்டுபிடித்துவிட்டான், அவ்வளவுதான்.

கி.மு. 111-ல் நான்யுவே வீழ்ந்தது, பான்யூவில் தீ வைத்தார்கள். அடுத்த வருடம் ஃபூஜியெனின் மின்யுவே. கி.மு. 109-ல் தியென் பணிந்து, தங்க முத்திரை வாங்கிக்கொண்டது. அந்த முத்திரை 1956-ல் ஒரு கல்லறையில் கிடைத்தது. அதன் பிடி சுருண்ட பாம்பு. யேலாங்குக்கும் ஒரு முத்திரை கொடுத்தார்கள், அது இன்னும் கிடைக்கவில்லை. கி.மு. 27 வாக்கில் யேலாங்கின் கடைசி அரசனான சிங் என்பவனை ஒரு ஹான் அதிகாரி தலைவெட்டினார்.

மே 18, பகல் 2.00
இரண்டு சின்னப் பதில்கள். வியட்நாமின் “வியட்” இதே “யுவே”தானா? அதே எழுத்துதான். 1800-களின் தொடக்கத்தில் கியா லோங் பேரரசர் “நாம் வியட்” என்ற பெயர் கேட்டார். அது நான்யுவே. பழைய எல்லையை நினைவூட்டுகிறது என்று அன்று சீனாவை ஆண்ட சிங் அரசு திருப்பிப்போட்டு “வியட் நாம்” என்று கொடுத்தது.

நமக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? நான்யுவேயிடமிருந்து பிடித்த ஹெபு, சூவென் துறைமுகங்களிலிருந்துதான் ஹான் கப்பல் பயணம் கிளம்பி “ஹுவாங்ஜி” நாடு வரை போனதாக ஹான் வரலாறு சொல்கிறது. தங்கமும் பட்டும் கொடுத்து முத்தும் கண்ணாடியும் வாங்கினார்கள். ஹுவாங்ஜியைக் காஞ்சி என்று பல அறிஞர்கள் கொள்கிறார்கள்.

மே 21, இரவு 11.40
கேச்சியாவிலிருந்து எழுதுகிறேன். இத்தனை நாளும் நான் சொன்னது எல்லாமே வடக்கத்திய எழுத்தாளர்கள் சொன்னது. யுவேக்கள் தங்கள் மொழியில் சொன்னது மிகவும் அரிது; அப்படி ஒன்று இருக்கிறது.

கி.மு. ஆறாம் நூற்றாண்டில் சூ நாட்டு இளவரசர் ஒருவர் அலங்காரப் படகில் போகிறார். துடுப்பு போடும் யுவே ஆள் துடுப்பை அணைத்தபடி பாடுகிறார். “எனக்கு யுவே பாட்டு தெரியாது, சூ மொழியில் சொல்லுங்கள்” என்கிறார் இளவரசர். மொழிபெயர்ப்பாளரை அழைக்கிறார்கள். இந்த இரவு என்ன இரவு, ஆற்றில் இளவரசரோடு படகில் போகிறேனே என்று தொடங்கி, மலையில் மரம் உண்டு, மரத்தில் கிளை உண்டு, என் மனம் உம்மை விரும்புகிறது, உமக்கோ தெரியாது என்று முடிகிறது. இளவரசர் எழுந்துபோய்ப் பாடியவரைத் தழுவி, பூவேலைப் போர்வையைப் போர்த்துகிறார்.

இந்தக் கதையைச் சொல்லும் பழைய சீன நூலில் இருப்பது மொழிபெயர்ப்பு மட்டும் இல்லை. மூலத்தின் ஒலியையும் 32 சீன எழுத்துகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் அறிஞர்கள் அதைத் தெற்குச் சீனாவின் சுவாங் மொழியோடும் தாய்லாந்து மொழியோடும் ஒப்பிட்டு வாசிக்கப் பார்த்தார்கள். முதல் எழுத்து “லான்” என்பதை “இரவு” என்று ஒருவர் வாசிக்கிறார். எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

இன்று மாலை கடை சாத்தும் நேரத்தில் என் மொழிபெயர்ப்பாளரிடம் அந்த 32 எழுத்துகளைப் போனில் காட்டினேன். அவருடைய பாட்டி புயி மொழி பேசுபவர்; சுவாங்குக்கு மிக நெருங்கிய மொழி அது. உடனே ஊருக்குப் போன் போட்டு, எழுத்து எழுத்தாக வாசித்தார். இன்றைய மாண்டரின் உச்சரிப்பில்தான் வாசிக்க முடியும், 2,500 வருடத்தில் ஒலி எவ்வளவோ மாறியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். பாட்டிக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். அப்புறம் ஏதோ கேட்டார்.

“பாடினது ஆணா பெண்ணா என்று கேட்கிறாங்க.”

தங்கும் இடத்துக்கு வந்ததும் மூலத்தை மறுபடி பார்த்தேன். “யுவே ஆள்” என்று மட்டும்தான் இருக்கிறது.